கண் சிமிட்டாத கம்ப்யூட்டர்

சாப்பாட்டு மேசையின் மேல் ஒரு பழைய ஆபீஸ் கம்ப்யூட்டர் வயிறு திறந்து கிடந்தது. அதன் முன்னால் ஸ்க்ரூ டிரைவரும் கையுமாக உட்கார்ந்திருந்த மனிதர் தொழிலில் லிஃப்ட் மெக்கானிக். அடுக்குமாடிக் கட்டிடங்களின் உச்சியில், லிஃப்ட் பெட்டியின் கூரை மேல் நின்றுகொண்டு, கீழே இருட்டுக் குழியைப் பார்த்தபடி விசில் அடித்துக்கொண்டே வேலை செய்கிற ஆள். அந்த ஆளுக்கு இப்போது கை நடுங்கியது. எதற்கு என்கிறீர்கள்? சின்னச் சீப்பு அளவே உள்ள ஒரு ரேமை அதன் பள்ளத்தில் வைத்து அழுத்துவதற்கு.

"மாமா, அது ஒண்ணும் உடையாது. நல்லா அழுத்துங்க. டக்குனு சத்தம் வரணும்" என்றான் மச்சான். மனைவியின் தம்பி, கம்ப்யூட்டர் ரிப்பேர் கடை வைத்திருப்பவன். இந்தப் பழைய பெட்டியைக் கொண்டு வந்து கொடுத்ததே அவன்தான்.

"சத்தம் வந்தா?"

"சரியா உக்காந்துடுச்சுன்னு அர்த்தம்."

"உடைஞ்சாலும் அதே சத்தம்தானேடா வரும்."

மச்சான் தலையில் கை வைத்துக்கொண்டான். ரேமும் உட்கார்ந்தது, டக்கென்ற சத்தமும் வந்தது, மெக்கானிக்கின் முகத்தில் மட்டும் தெளிவு வரவில்லை.

இங்கே ஒன்றைச் சொல்லிவிட வேண்டும், இல்லாவிட்டால் மனுஷனைக் கோழை என்று முடிவு கட்டிவிடுவீர்கள். அவர் பயந்தது ரேமுக்கு அல்ல. அவருக்கு ஒரே மகள். பள்ளிப் படிப்பை முடிக்கப்போகிற வயது. வீட்டில் சுண்டு என்று கூப்பிடுவார்கள், ஆள் அப்பாவைவிட உயரம். போன வருடம் தோழிகளோடு ஒரு வீடியோ கேம் கூடத்துக்குப் போனவள், பளிச் பளிச் என்று மின்னிய ஒரு பெரிய திரைக்கு முன்னால் நின்றபடியே விறைத்துக் கீழே விழுந்தாள். தோழிகள் போன் செய்தார்கள். மெக்கானிக் போய்ச் சேர்ந்தபோது மகள் தரையில் கிடந்தாள், கை கால் வெட்டி இழுத்துக்கொண்டிருந்தது, அவளைச் சுற்றி விளையாட்டு இயந்திரங்கள் எல்லாம் பாட்டுப் பாடிக்கொண்டிருந்தன. ஈரக்குலை நடுங்கியது என்று சும்மா சொல்வோம். அவருக்கு அன்று நிஜமாகவே நடுங்கியது.

ஆஸ்பத்திரியில் தலை முழுக்க வயர் ஒட்டி, முகத்துக்கு நேரே ஒரு விளக்கை மின்ன வைத்துப் பரிசோதித்தார்கள். வெளிச்சம் வேகமாக விட்டு விட்டு வந்தால் இவள் மூளைக்கு ஆகாது, வலிப்பு வந்துவிடும் என்றார் டாக்டரம்மா. மாத்திரை கொடுத்தார். மற்றபடி பூதாகரமாக ஒன்றும் சொல்லவில்லை. படம் பார்க்கலாம், விளையாடலாம், தள்ளி உட்கார வேண்டும், அறையில் விளக்கு எரிய வேண்டும், தூக்கம் கெடக் கூடாது, திடீரென்று ஏதாவது மின்னினால் உள்ளங்கையால் ஒரு கண்ணை முழுசாகப் பொத்திக்கொள்ள வேண்டும். இவ்வளவுதான்.

இவ்வளவுதான் என்று டாக்டருக்குச் சொல்ல முடிந்தது, பெற்றவருக்கு முடியவில்லை. அன்று சாயங்காலமே டிவியின் மேல் போர்வை போர்த்தினார். சுண்டுவின் போனைப் பிடுங்கிக்கொண்டு, பேச மட்டும் உதவுகிற ஒரு பட்டன் போனைக் கையில் திணித்தார். சாப்பிடும்போது திடீரென்று "கண்ணு!" என்று கத்துவார், அவள் சட்டென்று ஒரு கண்ணைப் பொத்திக் காட்ட வேண்டும். ஒத்திகையாம். ரசம் மேலே சிந்தியதுதான் மிச்சம்.

இப்படியே எவ்வளவு நாள் ஓட்ட முடியும்? பெண் எத்தனை நாள் சுவரையே பார்த்துக்கொண்டிருப்பாள்? ஒருநாள் அவள் அம்மா துவைப்பதற்காக மகளின் கட்டிலில் கிடந்த போர்வையை உருவினாள். உள்ளே சுண்டு, யாரோ தோழியின் போனை மூக்குக்கு நேரே வைத்துக்கொண்டு, இருட்டில் படம் பார்த்துக்கொண்டிருந்தாள். எதெல்லாம் கூடாதோ அதெல்லாம் ஒரே போர்வைக்குள்.

அம்மா தையல் கடை வைத்திருப்பவள், எதையும் சுற்றி வளைக்காமல் பேசுகிறவள். கணவனைக் கூப்பிட்டு உட்கார வைத்தாள்.

"ஏங்க, இவ பாக்கத்தான் போறா. நம்ம கண்ணுக்குத் தெரியாம பாக்கணுமா, கண்ணு முன்னாடி பாக்கணுமா? அத மட்டும் சொல்லுங்க."

அன்றைக்கே மெக்கானிக் மச்சானுக்குப் போன் போட்டார். அப்படி வந்ததுதான் இந்தக் கம்ப்யூட்டர். டிவியில் விளம்பரம் கேட்காமல் கொள்ளாமல் வந்து மின்னிவிட்டுப் போகும், கம்ப்யூட்டரில் நாம் வைத்ததுதான் வரும், வெளிச்சத்தை நாமே குறைக்கலாம், நிறுத்தலாம் என்று மச்சான் எடுத்துச் சொன்னான். புதிதாக வாங்க வசதியில்லை, பழைய பெட்டியையே எடுத்து உள்ளே வேண்டியதைப் போட்டு ஹாலில் இருக்கிற டிவியோடு இணைத்துவிடலாம், படமும் பார்க்கலாம், கேமும் ஆடலாம் என்றான்.

அவன் ஒவ்வொரு பாகமாக வெளியே எடுக்க, மெக்கானிக் ஒவ்வொன்றுக்கும் ஒரே கேள்வியைக் கேட்டார்.

"இது கண் சிமிட்டுமா?"

"மாமா, இது ஹார்ட் டிஸ்க். இதுல படம் படுத்துத் தூங்கும். இது எங்க சிமிட்டும்?"

"அப்ப இது?"

"இது கிராபிக்ஸ் கார்டு. இது கொஞ்சம் சொங்கியா இருந்தா கேம் திக்கித் திக்கி வரும். அதனாலதான் நல்லதா பாத்து எடுத்துட்டு வந்திருக்கேன். யாரோ வித்துட்டுப் போனது. கடையில ரெண்டு நாள் விடாம ஓட்டிப் பாத்துட்டேன்."

"யாரோ ஏன் வித்தாங்க?"

மச்சான் அக்காவைத் திரும்பிப் பார்த்தான். "அக்கா, எப்படிக்கா இவரோட குடும்பம் நடத்துற?"

அவள் ஊசியில் நூலைக் கோத்தபடியே, "காதை மூடிட்டு" என்றாள்.

கார்டைச் சொருகினார்கள். பிராசசர் மேல் பசை தடவி அதன் சின்ன ஃபேனை மாட்டினார்கள். கேபிளை டிவிக்கு இழுத்தார்கள். சுவிட்சைப் போடும்போது மெக்கானிக் சுண்டுவை அடுத்த அறைக்கு அனுப்பிக் கதவைச் சாத்தினார். திரை கறுப்பானது, நீலமானது, எழுத்து வந்தது. எதுவும் மின்னவில்லை. மச்சான் கையைத் தட்டிக்கொண்டு, "முடிஞ்சுது, கூப்பிடுங்க பொண்ணை" என்றான்.

"இப்ப இல்ல" என்றார் மெக்கானிக்.

இந்த இடத்தில் அவருடைய தொழிலைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். ரிப்பேர் முடிந்த லிஃப்டில் முதலில் ஏறுவது மெக்கானிக்தான். காலிப் பெட்டியில் தனியாக மேலே போய்க் கீழே வந்து, எல்லாம் சரி என்று மனசு ஒப்பிய பிறகே மற்றவர்களுக்குக் கதவு திறக்கும். மற்ற மெக்கானிக்குகள் ஒரு தடவை போய் வருவார்கள். இவர் கட்டிடத்துக்காரர்கள் கெஞ்சுகிற வரைக்கும் போய் வந்துகொண்டே இருப்பார். கம்பெனியில் இவருக்குப் பெயரே காலிப்பெட்டி.

மகளுக்குக் கட்டிய கம்ப்யூட்டருக்கும் அதே சட்டம்தான். அம்மாவும் மகளும் தையல் கடையில் இருக்கிற சாயங்கால வேளைகளில், மெக்கானிக் வீட்டுக்கு வந்து, சட்டையைக் கழற்றிப் போட்டுவிட்டு ஹாலில் உட்காருவார். கம்ப்யூட்டருக்குள் இருக்கிற ஃபேன் கரகரவென்று ஏதாவது சத்தம் போடுகிறதா என்று கேட்க வேண்டுமே, அதனால் மேலே ஓடுகிற ஃபேனை நிறுத்திவிடுவார். வியர்த்து ஊற்றும். மனுஷன் துண்டால் துடைத்துக்கொண்டு, திரையை முறைத்துப் பார்த்தபடி படங்களைச் சோதனை போடுவார்.

பார்த்ததோடு விட்டாரா? மச்சானைக் கேட்டு, படத்தை வெட்டுகிற ஒரு மென்பொருளையும் போட்டுக்கொண்டார். மின்னல் வந்தால் வெட்டு. குண்டு வெடித்தால் வெட்டு. போலீஸ் வண்டியின் விளக்கு சுழன்றால் வெட்டு. கூட்டமாக ஆடினால் எதற்கு வம்பு என்று அதையும் வெட்டு. கேமிலும் அப்படித்தான். சுட்டுத் தள்ளுகிறதெல்லாம் வேண்டாம் என்று தேடித் தேடி, லாரியைப் பின்னால் எடுத்து நிறுத்துகிற ஒரு கேமைக் கண்டுபிடித்து ஏற்றி வைத்தார். உப்புச்சப்பில்லாத அந்தக் கேமைத் தானே ஆடியும் பார்த்தார். அவருக்குப் பிடித்திருந்தது.

கடைசியாக விளக்கு. அறையில் நல்ல வெளிச்சம் வேண்டும் என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். பக்கத்துச் சுவரில் இருந்த டியூப் லைட் மங்கல், அதுவும் டிவி மேல் கோடாக விழுந்து கண்ணை உறுத்தியது. மெக்கானிக் ஏணியைப் போட்டு, ஹாலின் நடு விட்டத்தில், ஃபேன் தொங்குகிற கம்பியை ஒட்டி, வட்டமான ஒரு எல்.இ.டி விளக்கைப் பொருத்தினார். அங்கேதான் வயர் கைக்கு எட்டியது. போட்டுப் பார்த்தார். ஹால் பகல் மாதிரி ஆயிற்று. திரையில் ஒரு கோடு விழவில்லை. தன் வேலையைத் தானே மெச்சிக்கொண்டு ஏணியை மடித்தார்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் மூன்று பேரும் உட்கார்ந்தார்கள். வெயில் டிவி மேல் அடிக்காமல் இருக்க மெக்கானிக் ஜன்னல் திரைகளை இழுத்து விட்டார். புது விளக்கைப் போட்டார். சுண்டுவை எதிர்ச் சுவரோரம் சோபாவில் உட்கார வைத்து, தூரத்தை அளவு நாடாவால் சரிபார்த்தார்.

"அப்பா, கல்யாணத்துக்கு அளவெடுக்கறீங்களா?"

"வாயை மூடிட்டு உக்காரு."

"புழுங்குது" என்று அம்மா எழுந்து போய் ஃபேனைப் போட்டாள். வேகமாகச் சுற்றினால் தையல் துணி பறக்கும் என்று பாதி வேகத்தில் வைத்தாள். படம் ஓடத் தொடங்கியது. மெக்கானிக் படத்தைப் பார்க்கவில்லை. அவருக்குத்தான் வரிக்கு வரி மனப்பாடம் ஆயிற்றே. மகள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். இமை துடித்தால் அவர் நெஞ்சும் துடித்தது. அவள் தலையைச் சொறிந்தால் இவர் சோபா நுனிக்கு வந்துவிடுவார். இப்படியும் ஒரு மனிதன் படம் பார்ப்பானா என்று எனக்கே எரிச்சல் வருகிறது, ஆனால் அவர் இடத்தில் இருந்து பார்த்தால்தான் தெரியும்.

சுண்டு நெற்றியைச் சுருக்கினாள். அவர் பதறிப் போய், "என்ன? என்ன பண்ணுது?" என்றார்.

"ஒண்ணும் பண்ணல. அந்த வில்லன் இப்பதானே சண்டைக்கு வந்தான், அதுக்குள்ள அவனுக்கு மாலை போட்டுப் படம் மாட்டிட்டாங்க. யாரு கொன்னா?"

"வயசாகிச் செத்திருப்பான்" என்றாள் அம்மா. அம்மாவும் மகளும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். அந்தச் சிரிப்பைக் கேட்டு மெக்கானிக்குக் கொஞ்சம் மூச்சு வந்தது. ஒரு வருடமாக இந்த ஹாலில் கேட்காத சிரிப்பு அது.

சற்று நேரத்தில் அம்மா கண்ணைக் கசக்கிக்கொண்டாள். "என்னமோ கண்ணு கூசுதுங்க. திரை ஆடுதா?"

மெக்கானிக்குக் குப்பென்று வியர்த்தது. திரையைப் பார்த்தார். அது ஆடாமல் அசையாமல் இருந்தது. மகளைப் பார்த்தார். அவள் சாய்ந்து உட்கார்ந்து, தலையைச் சோபாவின் மேல் விளிம்பில் வைத்திருந்தாள். வலது தோள் ஒரு தடவை வெட்டியது. இன்னொரு தடவை.

ஒத்திகை பார்த்ததெல்லாம் காற்றில் போயிற்று. கண்ணு என்று கத்த வேண்டும் என்பது அவர் ஞாபகத்திலேயே இல்லை. பாய்ந்து போய்க் கம்ப்யூட்டரின் வயரைச் சுவரிலிருந்து பிடுங்கினார். திரை அணைந்தது. அணைந்ததும் சரியாகிவிடும் என்று திரும்பினால், அதற்குப் பிறகுதான் அவள் விறைத்தாள். சோபாவிலிருந்து சரிந்து தரைக்கு வந்தாள். கை கால் இழுக்கத் தொடங்கியது.

அம்மாதான் அவளை ஒருக்களித்துப் படுக்க வைத்தாள். அம்மாதான் தலைக்கு அடியில் சோபா குஷனை வைத்து, நாற்காலியைத் தள்ளி, கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே, "அம்மா இங்கதான் இருக்கேன், ஒண்ணுமில்ல, ஒண்ணுமில்ல" என்று சொல்லிக்கொண்டிருந்தாள். மெக்கானிக் வயரைக் கையில் பிடித்தபடி பேயறைந்தவராக நின்றார். நின்றுவிடு, நின்றுவிடு என்று உள்ளுக்குள் கெஞ்சினார். யாரிடம் கெஞ்சினார் என்று அவருக்கே தெரியாது. ஒருவழியாக நின்றது. சுண்டு நீளமாக மூச்சு விட்டாள். கொஞ்ச நேரத்தில் கண்ணைத் திறந்து, எங்கே இருக்கிறோம் என்று தெரியாமல் விழித்து, பிறகு அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டாள். இருவருமாக அவளை அறைக்குக் கூட்டிப் போய்ப் படுக்க வைத்தார்கள். அம்மா டாக்டருக்குப் போன் செய்தாள். தூங்கட்டும், மறுபடி வந்தால் உடனே கூட்டி வாருங்கள், வராவிட்டால் புதன்கிழமை வந்து பாருங்கள் என்று பதில் வந்தது.

மெக்கானிக் ஹாலுக்குத் திரும்பி வந்து தரையில் உட்கார்ந்தார். பிறகு, எதற்கென்று தெரியாமல், மகள் விழுந்து கிடந்த இடத்தில் அப்படியே மல்லாந்து படுத்தார்.

மேலே பார்த்தார். ஃபேன் சுற்றிக்கொண்டிருந்தது. அதற்கு மேலே அவர் மாட்டிய விளக்கு. ஒவ்வொரு இறக்கையும் வெளிச்சத்தை வெட்டி வெட்டிக் கீழே தள்ளிக்கொண்டிருந்தது. சுவரில், சோபாவில், அவர் சட்டையில், எங்கும் நிழலும் வெளிச்சமும் மாறி மாறித் துடித்தன. இவ்வளவு நேரம் இது ஏன் கண்ணில் படவில்லை? மகள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தவருக்கு அந்த முகத்தின் மேல் ஓடிய நிழல் தெரியவில்லை. காலிப் பெட்டியில் நூறு தடவை போய் வந்தவர், ஆள் ஏறியதும் என்ன நடக்கும் என்று பார்க்கவில்லை. ஃபேன் ஓடாத அறையில் சோதனை செய்துவிட்டு, ஓடுகிற அறையில் மகளை உட்கார வைத்தார். போதாக்குறைக்குத் திரையையும் அணைத்து, துடிக்கிற வெளிச்சத்தில் அவளைத் தனியாக விட்டார்.

அவர் எழுந்து ஃபேனை நிறுத்தினார். ஏணியைக் கொண்டு வந்து விளக்கைக் கழற்றி, டூல் பையின் அடியில் போட்டார். அம்மா அறையிலிருந்து எட்டிப் பார்த்து, "என்ன பண்றீங்க?" என்றாள்.

"ஒண்ணுமில்ல. ஆணி லூசா இருந்துச்சு."

அவ்வளவுதான் சொன்னார். அதற்குப் பிறகும் ஏன் உண்மையைச் சொல்லவில்லை என்றால், அம்மா அடுத்ததாகச் சொன்னது இது: "அந்தக் கம்ப்யூட்டரைத் தூக்கிட்டுப் போகச் சொல்லுங்க தம்பியை. இனிமே இந்த வீட்ல படமும் வேணாம், ஒரு மண்ணும் வேணாம். நான்தான் தப்பா யோசிச்சுட்டேன்." அதைக் கேட்டதும் மெக்கானிக்குக் கிடைத்தது என்ன தெரியுமா? நிம்மதி. வெட்கங்கெட்ட நிம்மதி. வாயைத் திறக்காமல் இருந்தால் போதும், இனி இந்த வீட்டில் திரை இல்லை, பயம் இல்லை.

அவர் வாயைத் திறக்கவில்லை. அம்மா கம்ப்யூட்டரை ஒரு பழைய படுக்கை விரிப்பில் சுற்றி வாசலருகே வைத்தாள். சுண்டு எழுந்து வந்து அதைப் பார்த்தாள். சண்டை போடுவாள், ஒற்றைக் காலில் நிற்பாள் என்று மெக்கானிக் எதிர்பார்த்தார். அவள் ஒன்றுமே சொல்லாமல் தண்ணீர் குடித்துவிட்டு உள்ளே போனாள். தையல் கடைக்குப் போகவில்லை, தோழிகளோடு பேசவில்லை. அறைக் கதவைத் திறந்தே வைத்திருந்தாள். அவர் எட்டிப் பார்த்தபோதெல்லாம் கண்ணாடி முன்னால் உட்கார்ந்திருந்தாள்.

புதன்கிழமை டாக்டரம்மா எதிரில் மூவரும் வரிசையாக உட்கார்ந்தார்கள்.

"அப்ப என்ன பண்ணிட்டு இருந்தா?" என்று கேட்டார் டாக்டர்.

"படம் பாத்துட்டு இருந்தா டாக்டர்" என்றாள் அம்மா. "இவரே வீட்ல கம்ப்யூட்டர் கட்டினாரு. குறை சொல்லக் கூடாது, எல்லாத்தையும் பாத்துப் பாத்துத்தான் செஞ்சாரு. அப்படியும் வந்துடுச்சு."

டாக்டர் பெருமூச்சு விட்டார். "தள்ளி உக்காந்து, லைட்டும் போட்டு, மாத்திரையும் போட்டு, அப்படியும் வந்திருக்குன்னா மருந்து பத்தலைன்னு அர்த்தம். டோஸைக் கூட்டிடறேன். கொஞ்சம் மந்தமா இருக்கும், தூக்கமா வரும், பழகிடும். ஸ்கிரீன் அடியோட வேணாம்."

பேனாவைத் திறந்தார். இப்போது சாப்பிடுகிற மாத்திரைக்கே காலையில் எழுந்திருக்கப் பெண் படுகிற பாடு மெக்கானிக்குத் தெரியும். பேனா காகிதத்தைத் தொட்டது. சுண்டு தன் மடியைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள். சொன்னால் மறுபடியும் படம், மறுபடியும் கேம், மறுபடியும் அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டு செத்துப் பிழைக்க வேண்டும். சொல்லாவிட்டால் அவர் செய்த தப்புக்கு அவள் விஷம் மாதிரி மாத்திரையை விழுங்க வேண்டும்.

"டாக்டர், எழுதாதீங்க" என்றார். "ஸ்கிரீன் இல்ல. ஃபேன்."

"என்ன ஃபேன்?"

சொன்னார். விளக்கை எங்கே மாட்டினார், ஃபேன் எந்த வேகத்தில் ஓடியது, வயரைப் பிடுங்கிய பிறகு என்ன ஆயிற்று, எல்லாவற்றையும் தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னார். டாக்டர் பேனாவை மூடி வைத்தார்.

"ஃபேனுக்கு மேல லைட்டா? பாதி வேகத்துலயா? நாங்க டெஸ்ட்ல மின்ன வைக்கிறோமே, அதைத்தான் நீங்க வீட்ல ஓட்டியிருக்கீங்க" என்றார். எழுதத் தொடங்கிய காகிதத்தைக் கிழித்தார். "நல்ல வேளை சொன்னீங்க. டோஸ் இருக்கிறபடியே இருக்கட்டும். படம் முன்ன சொன்ன மாதிரியே பாக்கலாம்."

வெளியே வந்து, நீளமான நடையில் காலி நாற்காலிகள் கிடந்த இடத்தில் அம்மா நின்றாள். "எப்ப தெரிஞ்சுது உங்களுக்கு?"

"அன்னிக்கே."

"ஆணி லூசுன்னீங்களே, அப்பவா?"

"ம்."

"ஏன் சொல்லல?"

"சொன்னா மறுபடியும் படம் பாக்க விடணுமே. எனக்குப் பயமா இருந்துச்சு."

அம்மாவுக்கு முகம் சிவந்தது. ஆனால் அவள் வாய் திறப்பதற்குள் சுண்டு பேசினாள். கத்தவில்லை, சாதாரணமாகத்தான் பேசினாள்.

"என் மூளை இன்னும் மோசமாயிடுச்சுன்னு நினைச்சேன்பா. இத்தனை பத்திரமா இருந்தும் வருதுன்னா, இனிமே சும்மா இருந்தாலே வரும்னு நினைச்சேன். கண்ணாடி முன்னாடி உக்காந்து, முகம் எங்கயாவது துடிக்குதான்னு பாத்துட்டே இருந்தேன். நீங்க எட்டி எட்டிப் பாத்தீங்களே. அப்பக்கூடச் சொல்லல."

மெக்கானிக்குக் கண் கலங்கியது. தன்னுடைய பயத்தைத் தூக்கி மகள் தலையில் வைத்துவிட்டு, தான் மட்டும் நிம்மதியாக இருந்திருக்கிறோம் என்பது அவருக்கு அப்போதுதான் உறைத்தது. மன்னிப்புக் கேட்க வாய் வரவில்லை. அவர் கேட்பார் என்று அவளும் எதிர்பார்க்கவில்லை. மூவரும் பஸ் ஏறினார்கள்.

அடுத்த ஞாயிறு மச்சான் கம்ப்யூட்டரை எடுத்துப் போக வந்தபோது, சுண்டு விரிப்பை அவிழ்த்துக்கொண்டிருந்தாள். கேபிளை அவளே சொருகினாள். ஜன்னல் திரைகளை அவளே ஒதுக்கி விட்டாள். சுவரோரம் பழைய டியூப் லைட்டைப் போட்டாள். டிவி மேல் ஒரு கோடு விழுந்தது, விழுந்தால் விழட்டும் என்று விட்டுவிட்டாள். அப்பா வெட்டி வைத்திருந்த படங்களைத் தாண்டிப் போய், வெட்டாத முழுப் படத்தைத் தேடி எடுத்தாள்.

மெக்கானிக் சோபாவின் ஓரத்தில், மகளுக்கு நேராகத் திரும்பி உட்கார்ந்தார்.

"அப்பா, படம் அந்தப் பக்கம்."

"பாத்துட்டுத்தானே இருக்கேன்."

"என்னைப் பாத்துட்டு இருக்கீங்க. உங்க முகத்தைப் பாத்தாத்தான் எனக்குப் பயமே வருது. கீழ உக்காருங்க. இங்க, எனக்கு முன்னாடி. அங்க பாத்து."

அவர் மனைவியைப் பார்த்தார். அவள் துணியில் பட்டனை வைத்துத் தைத்துக்கொண்டிருந்தாள், நிமிரவில்லை. மச்சானைப் பார்த்தார். அவன் விட்டத்தைப் பார்த்தான். வேறு வழியில்லாமல் மெக்கானிக் இறங்கி, சோபாவுக்கு முன்னால் தரையில், மகளுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தார்.

படம் ஓடியது. எந்தக் காட்சி எப்போது வரும் என்று அவருக்கு அத்துப்படி. பாட்டு முடியும், கதவு தட்டப்படும், மழை பிடிக்கும், பிறகு மின்னல். பாட்டு முடிந்தது. கதவு தட்டப்பட்டது. மழை பிடித்தது. அவருடைய உள்ளங்கை இரண்டும் தரையில் ஒட்டிக்கொண்டு நனைந்துவிட்டன. ஒரு கண்ணைப் பொத்துகிறாளா என்று பார், திரும்பு, திரும்பு என்று கழுத்து துடித்தது.

மின்னல் வெட்டியது. சுவரெல்லாம் வெளுத்துப் போயிற்று, மறுபடி, மறுபடி. பின்னால் ஒரு சத்தமும் இல்லை. மூச்சு விடும் சத்தம்கூட இல்லை. சோபாவின் ஸ்பிரிங் ஒரு தடவை கிறீச்சிட்டது. அவர் பல்லைக் கடித்துக்கொண்டு, திரையையே பார்த்துக்கொண்டு, திரும்பாமல் உட்கார்ந்திருந்தார். அந்தக் காட்சியில் யார் வந்தார்கள், என்ன பேசினார்கள் என்று கேட்டால் அவருக்குத் தெரியாது.

மழை நின்றது.

"அப்பா, தலையைக் கொஞ்சம் குனிங்க" என்றாள் சுண்டு. "மறைக்குது."

மெக்கானிக் தலையைக் குனிந்துகொண்டார். அதுவும் நல்லதாகப் போயிற்று, அவர் முகம் யாருக்கும் தெரியவில்லை.